அடுப்படிக் கேள்வி–பதில்: கேக்கின் மேல் வண்ணம் தூவுவோர்க்கு

சென்ற மாத இதழில், பிறந்தநாள் கேக் ஒன்றின் மேல், காற்றின் விசையால் வண்ணம் தூவும் ஏர்பிரஷ் கொண்டு அந்தி வானத்தை வரைந்ததைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள், தீபாவளிப் பலகாரங்களுக்கு வழக்கமாக வருவனவற்றையும் மிஞ்சிவிட்டன. ஆகவே இந்த மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், ஒத்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே கேக் செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்று வருகிறேன். ஏர்பிரஷ் வாங்கலாம் என்று இணையக் கடைகளைப் பார்த்தால், கைக்குள் அடங்கும் சின்னக் கருவி முதல் குழாயும் மோட்டாருமாக இருக்கும் பெரிய கருவி வரை விதவிதமாகக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது அக்கா?
– வாசகி, செந்தூல்

பதில்: ஏர்பிரஷ் கேக்குக்காகப் பிறந்த கருவி அன்று. 1879இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் செய்த வண்ணம் பரப்பும் கருவிதான் அதன் மூதாதை. தொடக்க காலத்தில் புகைப்படங்களைத் திருத்துவதற்கே அது பெரிதும் பயன்பட்டது. ஓர் ஊசி, அந்த ஊசி வந்து அடைக்கும் நுண்ணிய துளை, துளையைச் சுற்றி விரைந்து வெளியேறும் காற்று, அந்தக் காற்று இழுத்துச் சிதறடிக்கும் வண்ணம் என்பதுதான் இன்றைய ஏர்பிரஷ்களின் அடிப்படை. எனவே கேக் படம் அச்சிட்ட பெட்டியில் வருகிறது என்பதற்காக ஒரு கருவியை உயர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். துளையின் அளவு, விசையின் வகை, காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறதா என்பது, இந்த மூன்றையும் பாருங்கள்.

துளை 0.2 மில்லிமீட்டராக இருந்தால் கோடு மெல்லியதாக விழும், ஆனால் பளபளப்புத் தூள் கலந்த வண்ணம் அதில் உடனே அடைத்துக்கொள்ளும். 0.5 மில்லிமீட்டர் துளை பெரிய பரப்பை விரைவாக நிரப்பும், நுணுக்கத்துக்கு ஒத்துவராது. வீட்டு வேலைக்கு 0.3 அல்லது 0.4 போதும். வண்ணக் கிண்ணம் கருவியின் மேல்புறத்தில் இருப்பதையே வாங்குங்கள். வண்ணம் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தத்திலும் வேலை நடக்கும், ஐந்தாறு சொட்டு ஊற்றினாலும் வீணாகாது.

விசையில் இரண்டு வகை உண்டு. ஒற்றைச் செயல் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் ஒருசேர வரும். இரட்டைச் செயல் விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும், பின்னுக்கு இழுக்க இழுக்க வண்ணம் கூடும். தொடங்குபவருக்கு ஒற்றைச் செயல்தான் எளிது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரட்டைச் செயல் விசை கைக்குப் பழக இரண்டு வாரம் ஆகலாம், ஆனால் முதலில் காற்று, பிறகு வண்ணம், நிறுத்தும்போது முதலில் வண்ணத்தை நிறுத்திப் பிறகு காற்று என்ற ஒழுங்கு விரலில் ஏறிவிட்டால், கேக்கின் மேல் திடீரென்று ஒரு பெரிய சொட்டு வந்து விழும் விபத்து அறவே குறைந்துவிடும்.

கைக்குள் அடங்கும், மின்கலத்தில் ஓடும் கருவி கப்கேக்குகளுக்கும் சிறிய பூக்களுக்கும் போதுமானது. ஆனால் அவற்றில் பலவற்றில் அழுத்தத்தை மாற்ற முடியாது. இரண்டடுக்குக் கேக் ஒன்றை முழுவதும் நிறமேற்றுவதற்குள் மின்கலம் களைத்தும் போகலாம். நீங்கள் விற்பனைக்குச் செய்பவர் என்பதால், அழுத்தமானி பொருத்திய, காற்றை அழுத்தித் தரும் சிறிய கம்ப்ரசரையே பரிந்துரைப்பேன். வழியில் நீரைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்றும் அதில் இருக்கட்டும். ஈரம் மிகுந்த நம் மலேசியக் காற்றை அழுத்தினால் அதிலிருந்து தண்ணீர் பிரியும், வடிகட்டி இல்லையென்றால் அந்தத் தண்ணீர் வண்ணத்தோடு சேர்ந்து கேக்கின் மேல்தான் தெறிக்கும். வெளிநாட்டுக் கடையில் வாங்குவதாக இருந்தால், கருவி 230 வோல்ட் மின்சாரத்துக்கும் நம் மூன்று முனைச் செருகிக்கும் ஏற்றதுதானா என்று பணம் கட்டும் முன்னரே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பட்டர்கிரீம் பூசிய கேக்கை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நீல வண்ணம் தெளித்தேன். ஐந்து நிமிடத்துக்குள் வண்ணம் துளித்துளியாகத் திரண்டு கீழே வழிந்தது. மிஞ்சியிருந்த நீலமும் பச்சை பாய்ந்துவிட்டது. விருந்தினர் வருவதற்குள் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு வெள்ளையாகவே மறுபடியும் பூச வேண்டியதாயிற்று. எங்கே தவறினேன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே பாதி விடை இருக்கிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காற்றின் ஈரப்பதம் எந்த அளவென்றால், ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் வெளிக்காற்றிலுள்ள நீராவி படிந்து தண்ணீராகிவிடும். ஐஸ்பெட்டியில் 4 டிகிரியில் இருந்த கேக் வெளியே வந்த சில நொடிகளிலேயே கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதன் மேல் நீங்கள் தெளித்த நீர்வண்ணம் கேக்கைத் தொடவே இல்லை. அந்த ஈரத்தில் கலந்து, ஈரத்தோடு வழிந்திருக்கிறது.

ஈரம் இல்லாமல் இருந்தாலும் பட்டர்கிரீம் நீர்வண்ணத்தை எளிதில் ஏற்காது. சேப்பங்கிழங்கு இலையின் மேல் மழைத்துளி உருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பின் மேல் விழும் நீரும் அப்படித்தான் பரவாமல் திரண்டு நிற்கப் பார்க்கும். ஆகவே துளிகள் ஒன்றோடொன்று சேரும் அளவுக்கு வண்ணத்தை விழவிடக் கூடாது. கருவியைக் கேக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. (அழுத்தமானி காட்டும் அலகு) அளவில் வைத்து, கையை முதலில் நகர்த்தத் தொடங்கிவிட்டுப் பிறகு வண்ணத்தைத் திறந்து, கை நிற்பதற்கு முன்னரே வண்ணத்தை மூடிவிட வேண்டும். முதல் பூச்சு போதவே போதாது என்று தோன்றும். அப்படித் தோன்றினால்தான் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டு மூன்று நிமிடம் காய விட்டு இரண்டாவது பூச்சு, மறுபடியும் காத்திருந்து மூன்றாவது பூச்சு என்று போனால், நான்காவது பூச்சில் நீங்கள் நினைத்த நிறம் வந்து நிற்கும். அடர்ந்த நிறங்கள் சில மணி நேரத்தில் தாமாகவே இன்னும் சற்று ஆழ்ந்துவிடும் என்பதால், ஒரு பூச்சு குறைவாகவே நிறுத்திக்கொள்வது நல்லது.

குளிர்ந்த கேக்கை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பட்டர்கிரீம் இறுகியிருப்பது தெளிப்பதற்கு நல்லதுதான், இறுகாத பூச்சில் காற்று குழி பறிக்கும். எனவே குளிரவும் வேண்டும், வேர்க்கவும் கூடாது. கேக்கை அட்டைப்பெட்டியில் மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காமல் ஏர்கான் போட்ட அறையில் அரை மணி நேரம் விடுங்கள். ஈரம் பெட்டியின் மேல் படிந்துவிடும். பெட்டியைத் திறந்த பிறகு, மேற்பரப்பில் மினுமினுப்பு ஏதும் இல்லாமல் மங்கலாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். தெளித்து முடித்த கேக்கை மறுபடியும் குளிரில் வைக்கத்தான் வேண்டும் என்றால், எடுக்கும்போதும் இதே முறைதான். ஏர்கான் இல்லாத வீட்டில், வெயில் ஏறுவதற்கு முன் காலையில் செய்யலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள்; காலைக் காற்றில் வெப்பம் குறைவு என்பது உண்மை, ஈரம் குறையவில்லை என்பதும் உண்மை. மழை ஓய்ந்த மாலைப்பொழுதும் அப்படியே.

நீலம் பச்சையானதற்குக் காரணம் வேறு. வெண்ணெய் மஞ்சள் நிறம் உடையது; ஏர்பிரஷ் வண்ணம் கண்ணாடித் தாளைப் போல ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. மஞ்சளின் மேல் நீலத்தை விரித்தால் பச்சைதான் தெரியும். சர்க்கரை சேர்க்கும் முன் வெண்ணெயைத் தனியாகவே எட்டுப் பத்து நிமிடம் நன்றாக அடித்தால் அது வெளுத்துவிடும். அதற்குப் பிறகும் மஞ்சள் தெரிந்தால், பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்ட அளவு ஊதா வண்ணத்தைக் கலந்தால் மஞ்சள் அடங்கிவிடும். அந்த நுனிக்கு மேல் ஒரு துளி கூடினாலும் கேக் சாம்பல் பூத்துப் போகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் ஜெல் வண்ணங்கள் நிறைய இருக்கின்றன. தண்ணீர் கலந்து ஏர்பிரஷில் ஊற்றலாமா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஊற்றலாம், ஆனால் நீங்கள் வண்ணமடிப்பதை விடத் துளையைச் சுத்தம் செய்யும் நேரமே அதிகமாகும். ஜெல் வண்ணத்தில் கிளிசரினும் சர்க்கரைப் பாகு போன்றவையும் தடிப்புக்காகச் சேர்ந்திருக்கும். சரியாகக் கலக்காவிட்டால் அவை துளையில் போய் உட்காரும், கேக்கின் மேலும் பிசுபிசுப்பு காயாது. வெளிநாட்டுக் குறிப்புகளில் வோட்கா கலக்கச் சொல்வார்கள். மது விரைவில் ஆவியாவதால் வண்ணம் சட்டென்று காயும் என்பது அதன் காரணம். உங்கள் கேக்கை வாங்குபவர்களில் இஸ்லாமிய அண்டை வீட்டார் இருப்பார்கள் என்றால் அந்தக் குறிப்பை மறந்துவிடுங்கள். ஏர்பிரஷுக்கென்றே நீர்த்த நிலையில் வரும் வண்ணப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்னும் நான்கை மட்டும் வாங்கினால் ஓராண்டு ஓட்டலாம். மற்ற நிறங்களைப் பூச்சின் மேல் பூச்சாகக் கேக்கிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகன் பிளாஸ்டிக் ரோபோ பொம்மைகளுக்கு வண்ணமடிக்க விலை உயர்ந்த ஏர்பிரஷ் வைத்திருக்கிறான். நன்றாகக் கழுவிவிட்டுக் கேக்குக்குப் பயன்படுத்தினால் என்ன?
– வாசகர், செராஸ்

பதில்: கூடாது ஐயா. பொம்மை வண்ணங்களும் அவற்றைக் கரைக்கும் தின்னரும் ஊசியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களில் ஊறியிருக்கும்; எவ்வளவு கழுவினாலும் அது முழுவதும் போய்விட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நக வண்ணத்துக்கும் ஒப்பனைக்கும் பயன்பட்ட கருவிக்கும் இதே விடைதான். மகனுடைய கம்ப்ரசர் எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத வகையாக இருந்தால் அதை மட்டும் இரவல் கேளுங்கள், அது காற்றை மட்டுமே தருகிறது. ஏர்பிரஷும் அதற்கான குழாயும் தனியாக இருக்கட்டும். கேக்குக்கு உரியதன் மேல் சிவப்பு ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றிவிடுங்கள், அவசரத்தில் மகன் மாற்றி எடுத்துக்கொண்டு போகாமல் இருப்பான்.

கேள்வி: நாங்கள் இருப்பது அடுக்குமாடியில், சமையலறையும் சாமி மேடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. கருவி வாங்காமல், கடையில் விற்கும் ஸ்பிரே டின் வண்ணங்களைக் கொண்டே கேக்கை அலங்கரிக்கலாமா? மகளுக்கு இளைப்பு உண்டு, வண்ணப் புகையால் அவளுக்குத் தொல்லை வருமா?
– வாசகி, கெப்போங்

பதில்: அவ்வப்போது ஒரு கேக் செய்பவருக்கு ஸ்பிரே டின் போதுமானதே. ஆனால் அதில் அழுத்தத்தை மாற்ற முடியாது, நிறங்களைக் கலக்க முடியாது, மெல்லிய கோடு போட முடியாது. 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு அழுத்தினால் பனிப்படலம் போல ஒரு நிறம் கிடைக்கும். டின்னை முதலில் நன்றாகக் குலுக்கி, முதல் அழுத்தலைக் காகிதத்தின் மேல் விட்டுவிட்டுப் பிறகு கேக்குக்கு வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த சொல் சாமி மேடைதான். இத்தகைய டின்கள் பலவற்றில் வண்ணத்தை வெளியே தள்ளுவது பியூட்டேன், புரொப்பேன் போன்ற எரிவாயு. சிலவற்றில் எரிசாராயமும் சேர்ந்திருக்கும். நம் சமையலறையில் எரியும் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்போம், ஆனால் மூன்றடி தள்ளி எரியும் காமாட்சி விளக்கை நெருப்பாகவே கருத மாட்டோம். டின்னின் பின்புறத்தில் தீச்சுடர்ப் படம் இருந்தால், விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு அனைத்தும் அணைந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். மெழுகுவத்தி ஏற்றிய கேக்கின் மேல் கடைசி நேர மினுமினுப்புக்காகத் தெளிப்பதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

இளைப்பு உள்ள குழந்தையை, வண்ணம் தெளிக்கும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் வேறு அறையில் இருக்கச் செய்யுங்கள். உண்ணத்தக்க வண்ணம் என்பதால் அது மூச்சில் இழுக்கத்தக்கது என்று ஆகிவிடாது. நீங்களும் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் எவ்வளவு வண்ணம் உள்ளே போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆனால் மேலே சுழலும் காற்றாடி நின்றிருக்கட்டும். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலாகப் பச்சை தெளித்த அன்று காற்றாடியை நிறுத்த மறந்துவிட்டேன். கேக்கின் மேல் விழுந்ததைப் போல இருமடங்கு வண்ணம் சுவரிலிருந்த நாட்காட்டியில் போய்ப் படிந்தது. ஆண்டு முடியும் வரை எங்கள் வீட்டு முருகன் மயிலும் பச்சை, வேலும் பச்சை, முகமும் பச்சையாகவே நின்றார். இப்போதெல்லாம் குடிநீர்ப் புட்டிகள் வரும் பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, சுழலும் தட்டோடு கேக்கை அதற்குள் வைத்துத் தெளிக்கிறேன்.

கேள்வி: தம்பியின் 21ஆவது பிறந்தநாளுக்குத் தங்கச் சாவி வைத்த கேக் செய்கிறேன். கைவினைப் பொருள் கடையில் தங்கத் தூள் மலிவாகக் கிடைக்கிறது. 'நச்சற்றது' என்று எழுதியும் இருக்கிறது. அதைக் கரைத்துத் தெளிக்கலாமா?
– வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: தயவுசெய்து வேண்டாம். நச்சற்றது என்பதும் உண்ணத்தக்கது என்பதும் வேறுவேறு. பள்ளிப் பிள்ளைகளின் பசையும் நச்சற்றதுதான், அதை யாரும் ரொட்டியில் தடவுவதில்லை. உண்பதற்காகச் செய்யப்பட்ட தூளாக இருந்தால், மற்ற உணவுப் பொருள்களைப் போலவே அதன் மேல் உள்ளடக்கப் பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல் இல்லாமல் 'நச்சற்றது' என்றோ 'அலங்காரத்துக்கு மட்டும்' என்றோ இருந்தால் அதைக் கேக்கின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு அன்று. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், இளஞ்சிவப்புப் பொன்னிறத் தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகள் வாந்தியெடுத்து நோயுற்றார்கள். ஆராய்ந்தபோது அந்தத் தூள் பெரும்பாலும் செம்பு என்று தெரிந்தது. மறு ஆண்டு மிசோரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்குக் காரணம் தேடியவர்கள், பிறந்தநாள் கேக்கின் பூ அலங்காரத்துக்குப் பயன்பட்ட மஞ்சள் தூளில் கால் பங்கு ஈயம் இருந்ததைக் கண்டார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் இவ்விரண்டையும் 2021 அக்டோபரில் வெளியிட்டது. பொன், வெள்ளி, செம்பு என்று உலோகத்தின் பெயரில் வரும் தூள்களில் உண்மையிலேயே உலோகம் இருக்கக்கூடும் என்பதை அந்த அறிக்கையைப் படித்த பிறகு நான் மறந்ததே இல்லை.

உண்ணத்தக்க பொன்னிற ஏர்பிரஷ் வண்ணம் பேக்கிங் பொருள் கடைகளில் புட்டியாகவே கிடைக்கும். அபிரகத் துகளின் மேல் நிறமி பூசி அந்த மினுமினுப்பைக் கொண்டுவருகிறார்கள். துகள் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். வெள்ளை ஃபாண்டன்டில் (மாவு போல உருட்டிப் பயன்படுத்தும் சர்க்கரைப் பூச்சு) செய்த சாவியின் மேல் நேராகப் பொன்னைத் தெளித்தால் அது வெளிறிப்போய்த் தெரியும். முதலில் மஞ்சளும் சிறிது பழுப்பும் தெளித்துக் காயவிட்டு, அதன் மேல் பொன்னைத் தெளித்தால் நகைக்கடைச் சாவிதான். ஃபாண்டன்டில் ஒட்டியிருக்கும் சோள மாவை முன்கூட்டியே மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் மாவு இருந்த இடமெல்லாம் தேமல் போலத் தெரியும்.

கேள்வி: என் வாடிக்கையாளர்களில் பலர் சைவ உணவினர். சிவப்பு வண்ணம் பூச்சியிலிருந்து எடுப்பது என்று ஒருவர் சொல்லி, வாங்கவிருந்த கேக்கை வேண்டாம் என்றுவிட்டார். உண்மையா? ஹலால் பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஒரு சிவப்பைப் பொறுத்தவரை உண்மை. கொச்சினீல் அல்லது கார்மைன் எனப்படும் சிவப்பு, கள்ளிச் செடியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. சிட்டையில் அது 120 என்ற எண்ணோடு, முன்னால் 'இ' என்ற எழுத்தோடோ இல்லாமலோ இருக்கும். 122, 124, 129 என்ற எண்களைக் கொண்ட சிவப்புகள் செயற்கையாகத் தயாராகுபவை, அவற்றில் பூச்சி இல்லை. ஆனால் அவற்றுக்கு வேறொரு கதை உண்டு. 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, இந்த மூன்றும் 102, 104, 110 என்னும் மஞ்சள்களும் ஆக ஆறு வண்ணங்களில் ஏதேனும் ஒன்று சேர்ந்த உணவின் மேலும், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற வாசகம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்திருக்கிறது. அங்கே அவை தடை செய்யப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 171 என்னும் வெண்ணிறமியான டைட்டானியம் டை ஆக்சைடை மட்டும் அவர்கள் 2022இல் உணவிலிருந்து விலக்கிவிட்டார்கள்; முத்து மினுமினுப்பு வண்ணங்கள் பலவற்றில் அது இருக்கும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். வாங்கிய ஒவ்வொரு புட்டியின் சிட்டையையும் படம் எடுத்துக் கைப்பேசியில் ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறேன்; யாராவது கேட்டால் விளக்கம் சொல்லாமல் படத்தை அனுப்பிவிடுவேன். முடிவு அவர்களுடையது. ஹலால் வேண்டுவோருக்கும் அதுவே: புட்டியின் மேல், மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ ஜாக்கிம் ஏற்கும் வெளிநாட்டு அமைப்போ தந்த ஹலால் முத்திரை இருக்கிறதா என்று காட்டுங்கள். வண்ணம் ஹலால் என்பதால் உங்கள் கேக்கும் ஹலால் சான்று பெற்றது என்று விளம்பரம் செய்துவிட வேண்டாம், இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: தீபாவளிக் கேக்கின் மேல் சிக்குக் கோலமும் மயிலும் வரைய ஆசை. கையால் வரையும் திறமை இல்லை. லிட்டில் இந்தியாவில் விற்கும் கோல அச்சுத் தட்டை வைத்துத் தெளிக்கலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கோலத் தட்டு மாவு விழுவதற்காகத் துளையிட்டது. காற்றின் விசையில் வரும் வண்ணம் அந்தத் துளைகளின் வழியே புகுந்து தட்டுக்கு அடியில் பரவி, கோலத்தைச் சேறாக்கிவிடும். கேக்கோடு ஒட்டிப் படியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிய ஸ்டென்சில்தான் வேண்டும். அதை வைத்த பிறகு குண்டூசிகளால் குத்தி நிறுத்தாமல், ஓரங்களில் சிறிய கனமான பொருளை வையுங்கள். கேக்குக்குள் குண்டூசி மறந்துபோன கதைகள் எனக்குத் தெரியும். அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. வரை குறைத்து, ஸ்டென்சிலுக்கு நேர் மேலிருந்து செங்குத்தாகத் தெளியுங்கள். சாய்த்துத் தெளித்தால் காற்று ஓரத்தைத் தூக்கிவிடும்.

சிக்குக் கோலத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புள்ளியைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் கோட்டை அப்படியே வெட்டினால், கோட்டுக்குள் அகப்பட்ட துண்டுகளெல்லாம் தாளிலிருந்து கழன்று விழுந்துவிடும். ஆங்காங்கே மெல்லிய பாலங்களை விட்டு வெட்டி, தெளித்து முடித்த பிறகு அந்த இடைவெளிகளைச் சிறு தூரிகையால் இணைக்கலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: கோலத்தின் கோட்டையே ஃபாண்டன்டில் நூல் போல உருட்டி, குளிர்ந்து இறுகிய கேக்கின் மேல் கோலமாகப் பதித்து, அதன் மேல் முழுவதும் செம்மண் நிறத்தைத் தெளித்துவிட்டு, நூலை மெல்ல உரித்து எடுத்துவிடுவேன். செம்மண் தரையில் வெள்ளைக் கோலம் போட்டது போலவே இருக்கும். தொட்டால் ஒட்டும் கிரீமில் இது நடக்காது. ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கில் நூலின் அடியில் துளி வெண்கொழுப்பு (ஷார்ட்டனிங்) தொட்டு வைத்தால் அழகாக உரிந்து வரும்.

மயிலுக்கு வெண்ணெயின் மஞ்சள் உங்கள் பக்கம் நிற்கும். பட்டர்வொர்த் வாசகியை அழவைத்த அதே பச்சை பாய்தல்தான் மயில் கழுத்தில் நமக்குத் தேவைப்படுவது. முதலில் மஞ்சள், காய்ந்ததும் கழுத்தில் நீலம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீலத்தை இன்னும் மெல்லியதாக விட்டால் பச்சை தானாகவே பிறக்கும். கறுப்பைக் கண்ணுக்கும் தோகைக் கண்களின் நடுவுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பரப்பில் அடித்த கறுப்பு, காயும் வரை சாம்பலாகத் தெரியும், தின்றவர் நாக்கில் இரண்டு நாள் தங்கும்.

கேள்வி: வீட்டிலிருந்து கேக் விற்பதற்கு உரிமம் வேண்டுமா?
– வாசகி, செத்தாப்பாக்

பதில்: மலேசியாவின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, விற்பனைக்கு உணவு தயாரிப்பவர் உணவு கையாளுவோர் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பயிற்சி ஒரே நாளில் முடியும். வணிகப் பதிவுக்கும் ஊராட்சி அனுமதிக்கும் உங்கள் பகுதி மன்றத்தில் நேரில் கேட்பதே சரி, மன்றத்துக்கு மன்றம் நடைமுறை வேறுபடுகிறது.

கேள்வி: வாங்கி மூன்றே மாதமான ஏர்பிரஷ், இப்போது வண்ணத்தைத் தூவாமல் துப்புகிறது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, சுங்கை ஆரா

பதில்: புதிது வாங்கும் முன் ஊசியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் காய்ந்த வண்ணம் மணியாக ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால், அடியிலிருந்து நுனியை நோக்கித் துடையுங்கள். நுனியிலிருந்து அடியை நோக்கித் துடைத்தால் விரலிலும் குத்தும், ஊசியும் வளையும். நுனி கொக்கி போல வளைந்திருந்தால் அந்த ஊசியால் இனிப் பயனில்லை, ஆனால் ஊசி மட்டும் தனியாகக் கிடைக்கும். ஊசி நேராகவும் சுத்தமாகவும் இருந்தால், கிண்ணத்தில் பாதியளவு வெந்நீர் ஊற்றி, முனையை மடித்த துணியால் மூடிக்கொண்டு விசையை மெல்ல இழுங்கள். காற்று பின்னோக்கித் திரும்பிக் கிண்ணத்தில் குமிழி விடும், அடைந்திருந்த வண்ணம் கிளம்பி வரும். நீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை இதையே செய்ய வேண்டும். கருவி முழுவதையும் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், விசைக்குள் இருக்கும் எண்ணெய்ப் பூச்சு போய்விடும்.

இனி வரும் நாள்களில், நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் நீரைத் தெளித்து வெளியேற்றிவிட்டு அடுத்த நிறத்தை ஊற்றுங்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடித்தால் அந்த வேலையும் பாதியாகக் குறையும். கேக்கைப் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்புவதற்கு முன்பாகவே கருவியைக் கழுவி வைத்துவிடுங்கள். பாராட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் வண்ணம் துளைக்குள் காய்கிறது.